ஹாலுக்கு 16 சீலிங் லைட் வேணுமா? கடலூரில் புது வீடு: வாட், டிரைவர், கட்-அவுட் சந்தேகங்கள்

மஞ்சக்குப்பம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்துல தனி வீடு, பூச்சு வேலை முடிஞ்சு ஒயர் இழுத்தாச்சு. அடுத்த வாரம் ஜிப்சம் சீலிங் ஆரம்பம். லைட் இன்னும் வாங்கல. எத்தனை, எங்கெங்கேன்னு சீலிங்காரர்கிட்ட சொல்லியாகணும்.

அளவு இதுதான். ஹால் 18க்கு 14 அடி, ரெண்டு ஃபேன், சீலிங் முடிஞ்சா தரையிலேர்ந்து 9 அடி 3 இன்ச் உயரம் நிக்கும். சமையலறை 10க்கு 9, அதுக்கும் ஜிப்சம். பெட்ரூம் 12க்கு 11, அங்கே ஃபால்ஸ் சீலிங் கிடையாது; தளம் போடும்போதே லைட்டுக்குன்னு கான்கிரீட்டுக்குள்ள புதைக்கற டீப் பாக்ஸ் நாலு விட்டிருக்கோம். அப்புறம் ஒரு போர்ட்டிகோ.

சீலிங்காரர் ஹாலுக்கு மட்டும் 15 வாட்டுல 16 லைட் கேக்கறார். "அப்பதான் சார் பளிச்சுனு இருக்கும்"ங்கறார். லாரன்ஸ் ரோட்டுல விசாரிச்சேன். பேர் கேள்விப்படாத 15 வாட் 130 ரூபாய், பில் கிடையாது. கம்பெனி லைட் 10 வாட்டே 340. வாட் கம்மி, விலை ரெண்டரை மடங்கு. இது வெறும் பேருக்குக் குடுக்கற காசா? வார்ம் போடலாமா, வெள்ளை போடலாமா? கரண்ட் பில் ஏறக்கூடாது, இன்வெர்ட்டர்லயும் ஓடணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேஸ்நியூட்ரல்:

முதல்ல எண்ணிக்கையைப் பேசிடலாம். வாட்டை மறந்துட்டு லூமன்ல கணக்கு போடுங்க. வாட்ங்கறது லைட் தின்கிற கரண்ட், லூமன்தான் அது குடுக்கற வெளிச்சம்.

ஹால் 252 சதுர அடி, அதாவது 23.4 சதுர மீட்டர். உக்காந்து பேச, டிவி பார்க்க 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமன், தாராளம். 23.4ஐ 150ஆல பெருக்கினா சுமார் 3,500 லூமன். இது கீழே வந்து சேர வேண்டிய வெளிச்சம். சுவர் உறிஞ்சறது, தூசி படியறது, வருஷம் போகப் போக எல்.ஈ.டி மங்கறது எல்லாத்துக்கும் சேர்த்துப் பாதி போயிடும்னு வெச்சுக்கங்க. ஆக லைட்லேர்ந்து 7,000 லூமன் கிளம்பணும். ஓரளவு நல்ல லைட் வாட்டுக்கு 90 லூமன் தரும். 10 வாட்டுக்கு 900. எட்டு லைட்டுக்கு 7,200. அவ்வளவுதான் ஹால். சுவருக்கு அடர் பச்சை, மரப் பலகைனு இருட்டு நிறமா அடிக்கப் போறீங்கன்னா மட்டும் அதே எட்டு இடத்துல 12 வாட் போடுங்க. பெட்டி மேல லூமன் எழுதாத லைட்டை வாங்கவே வேண்டாம்.

சீலிங்காரர் கணக்குல 240 வாட், இதுல 80 வாட். 160 வாட் மிச்சம், தினம் 5 மணி நேரம், 60 நாள்: ரெண்டு மாச பில்லுல 48 யூனிட். ஏசி இருக்கற வீட்டுல பில் எப்பவும் 500 யூனிட் பக்கத்துலயே ஊசலாடும். 500ஐத் தாண்டினா 101லேர்ந்து 200 வரைக்கும் கிடைக்கற குறைஞ்ச விலையும் போயிடும். அதனால இந்த 48 சாதாரண 48 இல்ல.

இப்ப இடம். நீளவாக்குல வரிசைக்கு நாலு, மொத்தம் ரெண்டு வரிசை. சுவர்லேர்ந்து முதல் லைட் 2 அடி 3 இன்ச், லைட்டுக்கு லைட் 4½ அடி. அகலவாக்குல சுவர்லேர்ந்து 3½ அடி, வரிசைக்கு வரிசை 7 அடி. லைட்டுக்கு நடுவுல எவ்வளவு விடறீங்களோ அதுல பாதி சுவர்கிட்ட விடணும்.

ஃபேனைக் கவனிங்க. நீளத்துல 4½ அடியிலயும் 13½ அடியிலயும் ஃபேன் இருந்தா, மேல சொன்ன கணக்குல எந்த லைட்டும் ஃபேன் நடுவுலேர்ந்து 4 அடி 2 இன்ச் தள்ளித்தான் விழும். 48 இன்ச் ஃபேனோட பிளேடு நுனி 2 அடியில முடிஞ்சிடும். பிளேடு சீலிங்குக்கு ஓரடி கீழே சுத்துதுன்னா, லைட்லேர்ந்து நுனிக்கு ஏறக்குறைய 65 டிகிரி சாய்வு. 120 டிகிரி பரப்புற லைட்டோட பெரும்பங்கு வெளிச்சம் அதுக்குள்ளயே இறங்கிடும், பிளேடுல படாது. 16 லைட்டை நாலுக்கு நாலா அடிச்சீங்கன்னா உள்வரிசை எட்டும் ஃபேன் நடுவுலேர்ந்து 2 அடி 10 இன்ச்ல நிக்கும், அதாவது பிளேடு நுனியிலேர்ந்து வெறும் பத்து இன்ச். ஃபேனைப் போட்டா சுவரெல்லாம் நிழல் வெட்டி வெட்டி ஓடும். எவ்வளவு விலையுள்ள லைட்டை மாத்தினாலும் அது போகாது, இடத்தை மாத்தினாத்தான் போகும்.

இன்னொண்ணு. ஜிப்சம் போர்டைத் தாங்கற தகரச் சட்டமான சீலிங் செக்‌ஷன் வழக்கமா 18 இன்ச்சுக்கு ஒண்ணு ஓடும். லைட் புள்ளியை முதல்ல தரையில சாக்பீஸ்ல குறிச்சு, லேசர்லயோ தூக்குக்குண்டுலயோ மேலே ஏத்தி, அதை ஒதுக்கிச் செக்‌ஷன் அடிக்கச் சொல்லுங்க. போர்டு ஏத்தின பிறகு ஓட்டை போட்டா ஹோல் சா தகரத்துல போய் இடிக்கும். அப்ப நம்மாளுங்க செய்யறது என்னன்னா, சத்தமில்லாம செக்‌ஷனையே வெட்டிடுவாங்க. பின்னாடி அந்த இடத்துலதான் விரிசல் விடும்.

கோட்டக்குப்பம்_இன்டீரியர்:

எண்ணிக்கையில் உடன்படுகிறேன். ஆனால் எட்டையும் ஒரே சுவிட்ச்சில் கட்டிவிடாதீர்கள். டிவி 14 அடிச் சுவரில் வருகிறது என்றால் அதை ஒட்டிய 2 தனி, நடுவில் 4 தனி, பின்னால் 2 தனி. மூன்று சுவிட்ச். டிவி பார்க்கும்போது பின்னாலுள்ள இரண்டு மட்டும் எரிந்தால் போதும், 20 வாட். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. சுவிட்ச் போர்டு வரை கூடுதலாக இரண்டு ஒயர், அவ்வளவுதான் செலவு. சீலிங் மூடுவதற்கு முன் இன்றே இழுத்துவிடுங்கள்.

நிறம்: 3000 கெல்வின் மஞ்சள், 4000 இடைப்பட்டது, 6500 டியூப்லைட் வெள்ளை. ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 என்பது என் தேர்வு. நம் ஊரில் 6500 தான் "பளிச்" என்று பலர் நினைக்கிறார்கள்; கிரீம் நிறச் சுவரும் தேக்குக் கதவும் அந்த வெளிச்சத்தில் வெளிறித்தான் போகும். எதை எடுத்தாலும் ஒரே அறையில் இரண்டு கம்பெனி கலக்காதீர்கள். இருவர் பெட்டியிலும் 4000 என்று இருக்கும், மாட்டிப் பார்த்தால் ஒன்று லேசாகப் பச்சை அடிக்கும்.

மூன்று நிறம் மாறும் லைட் என்று கடையில் காட்டுவார்கள். சுவிட்ச்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும். தனியாக ஒன்று என்றால் பரவாயில்லை. நான்கு சேர்ந்த வரிசையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் மூன்று வெள்ளையிலும் ஒன்று மஞ்சளிலும் நிற்கும். அதைச் சரிசெய்யச் சுவிட்ச்சைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஹாலுக்கு வேண்டாம்.

சி.ஓ.பி (சில்லுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக அமைந்த) ஸ்பாட் லைட்டையும் பொது வெளிச்சத்துக்கு வாங்கிவிடாதீர்கள். 36 டிகிரி ஸ்பாட் 9 அடி உயரத்திலிருந்து தரையில் 6 அடிக்கும் குறைவான வட்டம்தான் போடும். 24 டிகிரி என்றால் 4 அடிகூட வராது. சுவரில் படம், பூஜை மாடம் என்று எதையாவது எடுத்துக்காட்ட ஒன்றிரண்டு போதும். ஹால் முழுக்கப் போட்டால் தரையில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம், முகங்களில் நிழல்.

சமையலறைதான் பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம். அறையின் நடுவில் லைட் போடுவார்கள். மேடை முன் நிற்பவரின் முதுகில் வெளிச்சம் விழும், காய் நறுக்கும் இடத்தில் அவர் நிழலே விழும். மேடை 2 அடி அகலம், மேல் கப்போர்டு 1 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், லைட்டின் மையம் சுவரிலிருந்து 1 அடி 9 இன்ச்சில் வரட்டும். கப்போர்டுக்கு வெளியே, உங்கள் தலைக்கு முன்னால். 10 வாட்டில் 3: அடுப்புப் பக்கம் ஒன்று, நறுக்கும் இடத்துக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று. இதற்கு மேல் வேலைசெய்யும் இடத்துக்கு 300 லக்ஸ் வேண்டுமானால் கப்போர்டின் அடியில் அலுமினியப் புரொஃபைலில் 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒன்று. அதை முன் விளிம்பில் ஒட்டுங்கள், சுவரோரம் ஒட்டினால் டைல்ஸ் மட்டும்தான் மின்னும்.

சமையலறை லைட்டுக்கு மட்டும் சி.ஆர்.ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 கேட்டு வாங்குங்கள். சாதாரண லைட்டில் 80 இருக்கும், சிவப்பு நிறம் மங்கலாகத் தெரியும். கடலூரில் மீன் வாங்குகிற வீடு. செவுள் சிவப்பா பழுப்பா என்று தொட்டி மேல் பார்த்தால் தெரியவேண்டாமா?

மஞ்சக்குப்பம்வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி மேடம். சாக்பீஸ் வேலையை ஞாயித்துக்கிழமையே முடிச்சிடறேன். 130க்கும் 340க்கும் என்ன வித்தியாசம்னு யாராவது சொன்னா நல்லாருக்கும். கடைக்காரர் "உள்ள எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சத்தியம் பண்றார்.

போர்டுடாக்டர்:

உள்ளே ஒன்றல்ல. வீட்டுக் கரண்டை எல்.ஈ.டிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட்தான் டிரைவர்; திறந்து பார்த்தால் அதில் மூன்று ஜாதி.

முதலாவது கெப்பாசிட்டர் டிராப்பர். ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர், நாலு டயோடு, ஒரு சின்ன எலக்ட்ரோலைட்டிக். வோல்டேஜ் மாறினாலும் கரண்டை ஒரே அளவில் நிறுத்த எதுவுமே கிடையாது. 190 வோல்ட் வந்தால் மங்கும், 260 வந்தால் சில்லு கருகும். 130 ரூபாய் லைட் பெரும்பாலும் இந்த ஜாதி, அல்லது அடுத்தது.

இரண்டாவது டி.ஓ.பி. டிரைவர் ஐ.சியும் எல்.ஈ.டி சில்லும் ஒரே அலுமினியத் தட்டில் உட்கார்ந்திருக்கும். விலை குறையும், இடம் மிச்சம். ஆனால் வோல்டேஜ் ஏறினால் அந்தக் கூடுதல் சூடு முழுக்கச் சில்லு இருக்கும் அதே தட்டில்தான் இறங்கும். ஐ.சி போனால் லைட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். சில கம்பெனி லைட்டுகளிலும் இது உண்டு, ஆகவே பேரை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, டிரைவர் தனிப் பெட்டியாக ஒயரில் தொங்கும். உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர், கரண்ட் மாறாமல் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட். ஜிப்சம் சீலிங்குக்கு இதைத்தான் வாங்க வேண்டும். காரணம் எளிது: எல்.ஈ.டி சில்லு அவ்வளவு சீக்கிரம் சாகாது, முதலில் போவது டிரைவர்தான். அதிலும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் வற்றி உப்பிவிடும். தனி டிரைவர் என்றால் அதை மட்டும் மாற்றி லைட்டைக் காப்பாற்றலாம். டிரைவர் மேல் "24–36 வோல்ட் டி.சி, 300 மில்லி ஆம்பியர்" என்பது போல ஒரு வரி இருக்கும். மாற்றும்போது மில்லி ஆம்பியர் அதே எண்ணாக இருக்க வேண்டும், வோல்ட் எல்லைக்குள் பழைய லைட் அடங்க வேண்டும். வாட் மட்டும் பார்த்து மாற்றினால், 300 ஓட வேண்டிய இடத்தில் 450 ஓடி நன்றாயிருந்த சில்லும் போய்விடும். லைட் மாட்டும் அன்றே அந்த லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை: உள்ளீடு 100–300 வோல்ட் என்று அகலமாக இருக்கிறதா, பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) 0.9க்கு மேலா, சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) தாங்கும் அளவு 2.5 கே.வி அல்லது 4 கே.வி என்று எழுதியிருக்கிறதா. பி.ஐ.எஸ் குறியோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டால் அது யார் பேரில் பதிவானது என்று காட்டும். எண் இல்லையென்றால் விலை பேசவே வேண்டாம். கடையில் லைட்டை எரியவிட்டுப் போன் கேமராவைக் கிட்டே பிடியுங்கள். திரையில் அடர்ந்த கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த டிரைவர் ஃபிளிக்கர் அடிக்கிறது, அதாவது லைட் வேகமாக மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, படிக்க உட்கார்ந்தால் தலைவலியாகத் தெரியும்.

பவர் ஃபேக்டர் வீட்டு பில்லில் ஏறாது, அது யூனிட் கணக்கு. இன்வெர்ட்டரில்தான் அதன் குணம் தெரியும். உங்கள் ஹால் 80 வாட், ஃபேக்டர் 0.5 என்றால் இன்வெர்ட்டர் 160 வி.ஏ (வோல்ட்-ஆம்பியர்) சுமக்க வேண்டும், 0.9 என்றால் 89. இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் அந்தக் கெப்பாசிட்டர் டிராப்பர் லைட்டுகள் சூடாகிச் சீக்கிரம் போகும்.

புயலுக்குப் பிறகு ஒரு தெருவே லைட் போய்விட்டதாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் இடி அல்ல, நியூட்ரல் அறுந்தது. கம்பத்தில் நியூட்ரல் விட்டால் ஒரு பேஸ் வீட்டுக்குள்ளும் 230க்குப் பதில் 400 வோல்ட் பக்கம் ஏறலாம். கடலோரத்தில் உப்பு அரித்த ஜாயிண்ட்டுகள் அதிகம். மெயின் போர்டில் எஸ்.பி.டி மாட்டியிருக்கிறோமே என்று நினைக்காதீர்கள். அது மின்னல் போல நொடியில் வந்து போகும் ஏற்றத்துக்கு. நின்று கொல்லும் 400 வோல்ட்டுக்கு ஓவர்-வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே தனியாக வேண்டும். இரண்டும் இருந்தால் லைட் மட்டுமல்ல, ஃபிரிட்ஜும் தப்பிக்கும்.

பேஸ்நியூட்ரல்:

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன்: லைட்டை ஃபேன் ரெகுலேட்டர்ல கட்டி "டிம்மர்"னு சொல்ற ஆளை வீட்டுக்குள்ள விட்டுடாதீங்க. டிம்மபிள்னு போட்ட டிரைவர் இல்லாட்டி மினுக்கி மினுக்கிப் போயிடும்.

பெட்ரூம் டீப் பாக்ஸுக்கு வருவோம். 12.3 சதுர மீட்டர், 100 லக்ஸ் போதும். அதே கணக்குல 2,450 லூமன். நாலு பாக்ஸ் இருக்கு, 7 வாட் நாலு போட்டா 2,520. சரியா உக்காருது. அங்கே 15 வாட் போடச் சொல்வாங்க, கேக்காதீங்க. தளத்துக்குள்ள புதைஞ்ச பாக்ஸுக்குக் காத்தோட்டம் கிடையாது. மே மாசம் மொட்டை மாடி கொதிக்கறப்ப சூடு மேலேர்ந்தும் வரும், லைட்லேர்ந்தும் வரும். 10 வாட்டைத் தாண்டவே கூடாது.

டீப் பாக்ஸுக்குனே வர்ற லைட்ல டிரைவர் முதுகுல ஒட்டியே இருக்கும், தனி டிரைவர் வைக்க இடம் பத்தாது. வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாக்ஸையும் அளந்து பாருங்க. வாய் 3 இன்ச்னு சொல்லி வாங்கியிருப்பீங்க, கான்கிரீட் போட்டப்ப அமுங்கி முட்டை வடிவத்துல இருக்கும். உள்ள சிமெண்ட் பால் இறங்கிக் கெட்டியாயிருக்கும், அதைக் கொத்தி எடுத்து ஆழம் எவ்வளவுன்னு பாருங்க. பூச்சு கனம் ஏறினதால ஸ்பிரிங் கிளிப் பாக்ஸ் விளிம்பைப் பிடிக்காம பூச்சை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கொஞ்ச நாள்ல பூச்சு உதிர்ந்து லைட் ஒயர்ல தொங்கும். அப்படி இருந்தா கிளிப்பை நம்பாம ஸ்க்ரூ போடற மாடல் எடுங்க.

ஜிப்சம் பக்கம் மாட்டற முறை: எம்.சி.பியை இறக்கிட்டு டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் ஏறணும். பேஸ் சுவிட்ச் வழியா வரணும், நியூட்ரல் நேரா. ஒயர் முறுக்கி டேப் சுத்தறதெல்லாம் வேண்டாம், கனெக்டர் போடுங்க. டிரைவரை ஓட்டை மேலயே விடாம ஓரடி தள்ளி வைங்க, லைட் சூடு அதுக்குப் படக்கூடாது. தளத்துக்கும் ஜிப்சத்துக்கும் நடுவுல குறைஞ்சது 4 இன்ச் சந்து வேணும். அந்தச் சந்துல எலி ஓடும், அதனால ஒயர் முழுக்க ஃபிளெக்சிபிள் பைப்புக்குள்ள போகட்டும். கிளிப் ரெண்டையும் மேல்பக்கம் மடக்கிப் பிடிச்சு ஓட்டைக்குள்ள நுழைச்சு விடணும். விரலை உள்ள விட்டுட்டு விட்டீங்கன்னா நகம் கறுத்துடும்.

மாட்டினப்புறம் சுவிட்ச்சை அணைச்சும் லைட் மினுமினுன்னு லேசா எரிஞ்சா பேய் இல்ல. மூணு காரணம்: சுவிட்ச்ல நியூட்ரல் வெட்டியிருப்பாங்க, இல்ல இண்டிகேட்டர் இருக்கற சுவிட்ச் போட்டிருப்பாங்க, இல்ல ஒரே பைப்ல ரொம்ப தூரம் பேஸ் ஒயரோட சேர்ந்து ஓடுது. முதல் ரெண்டும் பத்து நிமிஷ வேலை. மூணாவதுக்கு லைட் முனையில 0.1 மைக்ரோஃபேரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர், 275 வோல்ட் ஏ.சி தாங்கறது, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒண்ணு போட்டா நின்னுடும்.

உப்புக்காத்து:

யாரும் போர்ட்டிகோவைத் தொடலை. மஞ்சக்குப்பத்துலேர்ந்து சில்வர் பீச் பக்கம்தான், உப்புக் காத்து வீட்டுக்குள்ள வரைக்கும் வரும். வெளியில சாதாரண சீலிங் லைட் போட்டா ஸ்பிரிங் கிளிப் துருப்பிடிச்சு சீலிங்ல செம்மண் கோடு இழுக்கும். போர்ட்டிகோவுக்கு ஐ.பி 65 (தூசியும் தண்ணியும் புகாத தரம்) போட்ட, பாலிகார்பனேட் உடம்புள்ள, மேல ஒட்டற மாதிரி லைட் எடுங்க. அங்கே ஓட்டையே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஒயர் நுழையற இடத்துல ரப்பர் வாஷர், அதுக்கு மேல சிலிக்கான். 10 வாட், 3000 கெல்வின்.

ஏன் 3000? ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஈசல் கிளம்பினா 6500 வெள்ளைக்குத்தான் அப்பிக்கும், மஞ்சளுக்குக் குறையும். ஹால்லயும் லைட்டோட மூடி சரியா சீல் ஆகலைன்னா உள்ள போய்ச் செத்துக் கறுப்பா தேங்கிடும். கடையில லைட்டைத் திருப்பி, பின்பக்கம் ஒயர் வர்ற ஓட்டை அடைச்சிருக்கானு பாருங்க. பாத்ரூமுக்கு ஐ.பி 44க்குக் குறையாம.

சீலிங் மூடறதுக்கு முன்னாடி மொட்டை மாடியில ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பாத்துடுங்க. தளத்துல கசிவு இருந்தா ஜிப்சம் உறிஞ்சி, சொட்டறது நேரா லைட் ஓட்டையிலதான்.

லாஸ்பேட்டை_லூமன்:

கடலூர்க்காரங்க பாண்டியில வாங்கினா வரி கம்மினு இன்னும் நெனைக்கறாங்க. ஜி.எஸ்.டி வந்த பிறகு அது இல்ல. எல்.ஈ.டி லைட்டுக்கு 2022 ஜூலையிலேர்ந்து 18 சதவீதம், ரெண்டு ஊருலயும் அதேதான். பாண்டி நேரு வீதியில மாடல் நிறைய பார்க்கலாம், ஆனா ரெண்டு வருஷ வாரண்டிக்கு மாத்தறதுக்கு நீங்க திரும்பி வரணும். லாரன்ஸ் ரோட்டுலயே பில்லோட வாங்குங்க. பில் இல்லாத 130 ரூபாய் லைட்டுக்கு வாரண்டினு ஒண்ணு கிடையவே கிடையாது, கடைக்காரர் மனசுதான் வாரண்டி.

அதே மாடல் ரெண்டு கூடுதலா வாங்கி எடுத்து வைங்க. நாலு வருஷம் கழிச்சு ஒண்ணு போனா அதே மாடல் கிடைக்காது. கிடைச்சாலும் நிறம் ஒட்டாது.

அப்புறம், சிக்கனம்னு கேட்டீங்களே. லைட்டை 10 வாட்லேர்ந்து 8 வாட்டுக்குக் குறைக்கறதைப் பத்தி யோசிக்கறதை விட்டுட்டு, ஹால் ஃபேன் ரெண்டையும் பி.எல்.டி.சி-யா (கரண்ட் கம்மியா தின்கிற மோட்டார் உள்ளது) போடுங்க. 75 வாட் எங்கே, 30 வாட் எங்கே. ரெண்டு ஃபேன், தினம் 10 மணி நேரம், 60 நாள்: 54 யூனிட். லைட்ல மிச்சம் பிடிச்ச 48ஐ விட அதிகம்.

மஞ்சக்குப்பம்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பட்டியல் போட்டுட்டேன்: ஹால் 10 வாட் எட்டு, சமையலறை 10 வாட் மூணு, ஸ்பேர் ரெண்டு, தனி டிரைவர், 4000. பெட்ரூம் 7 வாட் நாலு. போர்ட்டிகோ ஒண்ணு. ஃபேன் பி.எல்.டி.சி.

ஒரே ஒரு சிக்கல். சமையலறை ஜிப்சம் போர்டு முன்னாடியே வந்து இறங்கி, சீலிங்காரர் "சாம்பிள்"னு அதுல 5 இன்ச்ல ஒரு ஓட்டை போட்டு வெச்சிருக்கார். நான் பார்த்து வெச்ச லைட்டோட வெளி வட்டமே 120 மில்லி. விழுந்துடுமே?

பேஸ்நியூட்ரல்:

விழும். 5 இன்ச் 127 மில்லி. லைட்டோட விளிம்பு ஓட்டையைச் சுத்தி ஒவ்வொரு பக்கமும் 6 மில்லியாவது மூடணும், அப்ப 120 மில்லி லைட்டுக்கு ஓட்டை 105 பக்கம் இருக்கணும். அட்டைப்பெட்டியில கட்-அவுட்னு ஓட்டை அளவு தனியா போட்டிருப்பாங்க, அதைக் காட்டி இனிமே போடச் சொல்லுங்க. ஒரு லைட்டை வாங்கிக் கையில குடுத்துட்டா இன்னும் நல்லது.

அந்த ஒரு ஓட்டைக்காக எல்லா லைட்டையும் பெரிசாக்காதீங்க. எந்த ஓட்டைக்கும் கிளிப்பை நகர்த்திக்கற விளிம்பில்லா லைட் ஒண்ணு இருக்கு, ஆனா அதுல பெரும்பாலும் டாக்டர் சொன்ன ரெண்டாவது ஜாதி டிரைவர்தான். போர்டு இன்னும் ஏறலைனா அந்தத் துண்டை ஓரத்துல வர்ற மாதிரி வெட்டி உபயோகிக்கச் சொல்லுங்க. ஏத்தியாச்சுன்னா, ஓட்டையை விட ரெண்டு இன்ச் நீளமான ஜி.ஐ பட்டை ரெண்டை உள்ளே குறுக்க வெச்சு ஸ்க்ரூ அடிச்சு, 127 மில்லிக்கு வட்டமா வெட்டின ஜிப்சம் துண்டை அதுல ஸ்க்ரூ பண்ணி, சுத்தி ஃபைபர் டேப், மேல ஜாயிண்டிங் காம்பவுண்ட் ரெண்டு கோட். முதல் கோட் நல்லா காஞ்சப்புறம்தான் ரெண்டாவது. மழை நாள்ல ஒரு நாள் கூடுதலா விடுங்க. புது ஓட்டை அந்த ஒட்டு மேல விழாம அரை அடியாவது தள்ளி வரட்டும்.